ஆலய வைஃபை கடவுச்சொல் மீண்டும் மீண்டும் பரவுவது குறித்து

மாதந்தோறும் கடவுச்சொல்லை மாற்றியும் இரண்டு ஞாயிறுகளுக்குள் அது எல்லோருடைய போனுக்கும் போய்விடுகிறது, ஆராதனை நேரலையும் தடைபடுகிறது என்ற சிக்கல் கடவுச்சொல்லை மாற்றுவதால் தீராது. சபையாருக்கென விருந்தினர் வைஃபை ஒன்றைத் தனிப் பெயரில் திறந்துவிட்டு, அலுவலகத்துக்கும் நேரலைக்குமான முதன்மை வைஃபையின் கடவுச்சொல்லைப் புதிதாக மாற்றி, பொறுப்பாளர் இருவரிடம் மட்டும் வைத்திருங்கள்.

கடவுச்சொல்லைப் பரப்புவது ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள்தான் என்று சந்தேகப்பட வேண்டாம். ஆண்ட்ராய்டு 10 முதல், இணைப்பில் உள்ள போனில் 'பகிர்' என்பதைத் தொட்டாலே கியூஆர் குறியீடு வந்துவிடுவதால், பாடகர் குழுவில் ஒருவருக்குக் கொடுத்தது உங்களைக் கேட்காமலேயே பத்துப் பேரைச் சென்றடையும்.

விருந்தினர் வைஃபையில் ஒரு போனை இணைத்து, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தையோ அலுவலக அச்சுப்பொறியையோ அதிலிருந்து அடைய முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் இரண்டும் இன்னும் பிரிக்கப்படவில்லை, விருந்தினர் வைஃபையிலிருந்து உள் வலையமைப்பை அடைவதற்கான அனுமதியை ரவுட்டரில் நிறுத்த வேண்டும்.

இரண்டு பெயர்கள் இருந்தாலும் வெளியே செல்லும் இணைய இணைப்பு ஒன்றுதான் என்பதால், விருந்தினர் வேகத்துக்கு வரம்பு வைத்து, நேரலைக் கணினியை லேன் கேபிளில் இணைத்துவிடுங்கள். மாற்றியபின் அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றிலும் புதிய கடவுச்சொல்லை இட வேண்டியிருக்கும். இதைச் சனி இரவில் செய்யாதீர்கள்.