ரம்பொட வளைவும் வீ.ஆர். கண்ணாடியும்

அன்புள்ள ஐயா,

நான் ஹட்டனில் ஆசிரியை. இரண்டு வருடத்துக்கு முன், மழையும் பனிமூட்டமுமான ஒரு மாலையில், ரம்பொட மலைப்பாதை வளைவொன்றில் நான் ஓட்டிய கார் சறுக்கிப் பள்ளத்து ஓரம் போய் நின்றது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை வியர்க்கிறது, நெஞ்சு அடைக்கிறது. "துணிந்து ஓட்டு, சரியாகிவிடும்" என்கிறார் கணவர். கணினிக் காட்சியை நிஜம்போலக் காட்டும், கண்ணில் மாட்டும் வீ.ஆர். கருவியால் இதைக் குணப்படுத்தலாம் என்கிறான் கனடாவில் இருக்கும் தம்பி. இது வைத்தியமா, விளையாட்டா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

வைத்தியம்தான். உயரத்துக்குப் பயந்தவர்களிடம் இந்த முறையைச் சோதித்து, அமெரிக்காவில் பார்பரா ரோத்பாம் குழுவினர் 1995இலேயே முடிவை வெளியிட்டார்கள். ஜெர்மனியில் வாகனம் ஓட்டப் பயந்த 14 பேருக்கு சிமுலேட்டரில், அதாவது நிஜ வீதி போலக் காட்சி ஓடும் போலி வண்டியில், சிகிச்சை கொடுத்து, பிறகு பயிற்றுநரோடு நிஜ வீதிக்கு அனுப்பினார்கள். அதுவரை தவிர்த்து வந்த ஓட்டங்களை எல்லோரும் ஓட்டி முடித்தார்கள். சின்ன ஆய்வுதான், ஆனாலும் எனக்கு நம்பிக்கை தருகிறது.

பயம் வந்ததும் விலகினால் உடனே நிம்மதி கிடைக்கிறது இல்லையா, அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. விலகியதால்தான் தப்பினோம் என்று மனம் எழுதி வைத்துக்கொள்கிறது. சிமுலேட்டரில் விலகாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். நெஞ்சு படபடக்கிறது, ஒன்றும் நடக்கவில்லை, மெல்ல அடங்குகிறது. அதே வளைவைப் பத்துத் தடவை ஓட்டலாம். இன்று வெயில், நாளை மூட்டம், அடுத்த நாள் எதிரே ஒரு பஸ் என்று வைத்தியர் கூட்டிக்கொண்டே போவார். ரம்பொடயில் மூட்டத்தை நம் வசதிக்கு வரவழைக்க முடியாதே. சிலருக்குத் தலைசுற்றும். "ஓடுகிறாய்" என்கிறது கண், "உட்கார்ந்திருக்கிறாய்" என்கிறது உடலின் அசைவை உணரும் உட்காது. நுவரெலியா பஸ்ஸில் வாந்தி எடுப்பவர்களுக்கு இதே குழப்பம் தலைகீழாக.

கருவி கிடைக்காவிட்டால் வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். கருவி செய்வது, பயத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கித் தருவது. அதைக் காரிலேயே செய்யலாம். உங்கள் கணவர் சொல்வது பாதி சரி, ஓட்டத்தான் வேண்டும். ஆனால் முதல் நாளே ரம்பொடக்கு ஏற்றிவிட்டால், பாதியில் திரும்பி வருவீர்கள், பயம் இன்னும் பெருகும். முதலில் முற்றம், பிறகு ஞாயிறு காலையில் ஆளில்லாத தோட்டத்து ரோடு, பக்கத்தில் அவர். ஒவ்வொரு இடத்திலும் படபடப்பு குறையும் வரை இருந்துவிட்டு இறங்குங்கள். ரம்பொட கடைசியில், வெயில் நாளில்.

அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டியெல்லயில் பஸ் கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் செய்தியை மறந்து ஓட்ட யாரும் உங்களைப் பழக்க வேண்டியதில்லை. என் அப்பா தோட்டத்து லொறி ஓட்டியவர். கடைசி நாள் வரை ஒவ்வொரு முடக்கிலும் கியரைக் குறைத்து ஹோர்ன் அடித்தார். அந்தக் கவனம் உங்களிடமும் இருக்கட்டும். கை உறைவது மட்டும் போகவேண்டும்.

அந்தச் சறுக்கல் கனவில் வருகிறது, தூக்கம் கெடுகிறது என்றால் தனியே முயல வேண்டாம். ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், இல்லாவிட்டால் மனநல உதவி எண் 1926க்கு அழையுங்கள்.

வரும் ஞாயிறு சாவி போடாமல் சாரதி ஆசனத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.