எம்.எம்.சி.யா, நெல்லையா: சாய்ஸ் பில்லிங்குக்கு முன் ஓர் அம்மாவுக்கு

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்கு நீட் ரேங்க் நன்றாக வந்திருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரி (எம்.எம்.சி.), திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி இரண்டுமே எட்டும் தூரத்தில். "எம்.எம்.சி.யின் ஆஸ்பத்திரியான ஜி.எச்.சில் கூட்டம் தாங்காது, பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அங்கே யாருக்கு நேரம் என்கிறார்கள். பெண் பிள்ளை, அவ்வளவு தூரம் வேறு. எதை முதலில் போடுவது?" என்பது கேள்வி. கவுன்சலிங்கில் கல்லூரிகளை விருப்ப வரிசையில் பதிவு செய்வதைத்தான் சாய்ஸ் பில்லிங் என்கிறார்கள்.

அம்மா, கூட்டத்தை முதலில் பேசிவிடுவோம். உங்களிடம் அப்படிச் சொன்னவர் அங்கே நோயாளியாகவோ துணைக்கோ போய்வந்தவராக இருப்பார். வரிசையில் கால்கடுக்க நின்றவருக்கு அது தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் இதய வால்வு பழுதானால் எழும் 'மர்மர்' சத்தத்தை ஸ்டெத் வைத்துக் கேட்டுப் பழக வேண்டுமென்றால், அந்த நோயாளி வார்டில் இருக்க வேண்டும் அல்லவா? புத்தகத்தில் அதற்கு ஒரு பத்தி இருக்கும். காது பழக, பத்துப் பேர் நெஞ்சில் வைத்துக் கேட்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன், வீட்டுக்குப் பக்கம் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பையனின் அப்பா அவனைத் தனியார் கல்லூரி ஒன்றில் சேர்த்தார். நானும் தலையாட்டிவிட்டேன். பளபளப்பான கட்டடம், ஏ.சி. வகுப்பறை. மூன்றாம் வருடம் அவன் என்னிடம் சொன்னது: "சார், வார்டில் பாதிப் படுக்கை காலி. ஒரே நோயாளியிடம் இருபது பேர் போய் அதே கேள்வியைக் கேட்கிறோம். அவர் எங்களுக்கு முன்னாலேயே பதிலை ஒப்பிக்கிறார்." அன்றிலிருந்து கல்லூரியைப் பற்றி யார் கேட்டாலும் ஆஸ்பத்திரியைத்தான் முதலில் விசாரிக்கிறேன்.

அந்தக் கணக்கில் எம்.எம்.சி.க்கு ஈடு சொல்வது கடினம். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி 1664-இல் கோட்டைக்குள் தொடங்கியது. கல்லூரி 1835-இல் மருத்துவப் பள்ளியாக ஆரம்பித்து 1850-இல் கல்லூரியானது. பழமை மட்டும் சோறு போடாது, சரி. அந்தப் பழமையால் கிடைத்தது வேறு. கண்ணுக்கு, குழந்தைக்கு, பிரசவத்துக்கு, மனநலத்துக்கு என்று தனித்தனி ஆஸ்பத்திரிகள் சென்னையில் வளர்ந்து, இந்தக் கல்லூரியோடு இணைந்திருக்கின்றன. எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-இல் தொடங்கியது. அதே எழும்பூரில் மகப்பேறு ஆஸ்பத்திரியும் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில். ("கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று நாம் கேலி செய்கிற அதே இடம்தான். அங்கே ஒரு போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) முடித்த பிள்ளைகள் அந்தக் கேலியை அப்புறம் செய்வதில்லை.) மற்ற இடங்களில் ஒரு துறையாக, இரண்டு மூன்று வார்டாக இருப்பது இங்கே ஒரு முழு ஆஸ்பத்திரி. மாவட்டத்தில் சமாளிக்க முடியாமல் அனுப்பப்படும் கேஸ்கள் வந்து சேரும் இடமும் இதுதான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பேட்சுக்கு 250 பேர். இத்தனை பேரில் ஓர் ஓரமாக நின்று ஐந்தரை வருடத்தை ஓட்டிவிடவும் முடியும், யாரும் தேடமாட்டார்கள். மேலே முதுநிலை மாணவர்கள், அதற்கும் மேலே உயர்சிறப்புப் படிப்பவர்கள் என்று நிறையப் பேர் இருப்பதால், கையால் செய்கிற வேலை எம்.பி.பி.எஸ். பிள்ளைகளுக்குத் தானாக வராது. முண்டியடித்து முன்னால் நிற்க வேண்டும். உங்கள் மகள் வாய் திறந்து கேட்கிற ரகமா? இதற்குப் பதில் உங்களுக்குத்தான் தெரியும்.

திருநெல்வேலியைக் குறைத்து மதிப்பிடவே வேண்டாம். 1965-இல் தொடங்கிய கல்லூரி, அங்கேயும் 250 இடங்கள். அந்தக் கல்லூரியின் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்றால் தென்காசி, தூத்துக்குடி வரைக்கும் தெரியும். பாம்புக்கடி, விஷம் குடித்த கேஸ், விபத்து எல்லாம் அங்கேதான் போகும். நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. பேச்சு உங்கள் ஊர்ப் பேச்சு. "நெஞ்சு படபடன்னு வருது" என்று ஒரு பாட்டி சொன்னால் அதில் பாதி நோய் விவரம் இருக்கும், அது உங்கள் மகளுக்கு உடனே பிடிபடும்.

தூரத்தைப் பற்றி. சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் ஒரு ராத்திரி. பெண் பிள்ளை என்பதற்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: 1875-இலேயே எம்.எம்.சி.யில் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் உள்ளிட்ட பெண்கள் சேர்ந்து படித்திருக்கிறார்கள். புதுக்கோட்டையிலிருந்து வந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் இங்கே பட்டம் வாங்கினார். ரயிலும் செல்போனும் உள்ள காலத்தில் நாம் பயப்படுகிறோம். ஆனாலும் முதல் ஆறு மாதம் அழுகை இருக்கும், அதற்குத் தயாராக இருங்கள். அனாடமி வகுப்பில் முதல்நாள் மயக்கம் வருவதும் சகஜம்.

பணத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே, அரசுக் கட்டணம்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டையும் விடாதீர்கள். அதில் வருபவர்களுக்குக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பட்டமும் ஒன்றே. இரண்டும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் வருகின்றன. எனவே "எம்.எம்.சி. பெயர் போட்டால்தான் எம்.டி. கிடைக்கும்" என்பது வெறும் பேச்சு. முதுநிலைக்கு மறுபடி நீட் எழுத வேண்டும், அந்தத் தேர்வு கல்லூரிப் பெயரைக் கேட்காது.

என் கருத்தைக் கேட்டால், எம்.எம்.சி.யை முதலிலும் நெல்லையை அடுத்தும் போடுவேன். மகள் கூச்ச சுபாவம், வீட்டை விட்டு ஒரு நாள்கூட இருந்ததில்லை என்றால் தயங்காமல் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள், நஷ்டம் ஒன்றும் இல்லை. ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள். "கிடைக்குமோ கிடைக்காதோ" என்று கணக்குப் போட்டு, பிடித்ததைக் கீழே தள்ளாதீர்கள். பட்டியலை மேலிருந்து பார்த்து, உங்கள் ரேங்குக்குக் காலியாக இருக்கும் முதல் இடத்தைத்தான் தருவார்கள். மேலே ஆசைப்பட்டுப் போட்டதால் கீழே உள்ளது பறிபோகாது. அடுத்த சுற்றில் மாறுவது, சேர்ந்தபின் விலகுவது பற்றிய விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. இந்த வருடக் கையேட்டை நீங்களே உட்கார்ந்து படியுங்கள், பிரவுசிங் சென்டர்க்காரர் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

பட்டியலை இறுதியாக லாக் செய்வதற்கு முன் நாள் இருந்தால், ஒரு காலை எட்டு மணிக்கு மகளை ஹைகிரவுண்டுக்குக் கூட்டிப்போய் ஓ.பி. சீட்டுக் கொடுக்கும் இடத்தில் அரைமணி நேரம் நிறுத்திவையுங்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் எதைப் பற்றிப் பேசுகிறாள் என்று கேளுங்கள். அதன் பிறகு எழுதுங்கள், பட்டியலைச் சேர்ந்தே பார்ப்போம்.