தூரமாக அடிக்கும் டார்ச் லைட்டைக் குறைந்த விலையில் எப்படிப் பார்த்து வாங்குவது?

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் ராத்திரியில் மோட்டார் போடப் போகிறவர்களுக்கு, வயலின் அந்தக் கடைசியில் காட்டுப்பன்றி நிற்கிறதா என்று தெரிய வேண்டும். அதற்குக் குறுகலான ஒளிக்கற்றை உள்ள டார்ச்தான் சரி.

டார்ச்சிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சம் லுமென். அது ஒரே திசையில் எவ்வளவு செறிவாகப் போகிறது என்பது கேண்டெலா. தூரத்தைத் தீர்மானிப்பது கேண்டெலாதான். ஹோஸ் பைப் வாயை விரலால் அழுத்தினால் அதே தண்ணீர் தூரமாகப் பீய்ச்சுமே, அதே கதை.

10,000 கேண்டெலா இருந்தால் கணக்குப்படி 200 மீட்டர். 400 மீட்டருக்கு 40,000 வேண்டும். அதாவது, தூரம் இரட்டிப்பானால் செறிவு நான்கு மடங்காக வேண்டும். அட்டையில் போடும் இந்தத் தூரம்கூட நிலா வெளிச்சம் அளவுக்கு மங்கலாகத் தெரியும் எல்லைதான். பன்றியா, பக்கத்து வீட்டு மாடா என்று அடையாளம் காண அதில் பாதியை வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடையில் கேண்டெலா கேட்டால் விழிப்பார்கள். டார்ச்சை அணைத்துவிட்டு முன்பக்கம் எட்டிப் பாருங்கள்: ஆழமான, அகலமான, கண்ணாடி போலப் பளபளக்கும் கிண்ணத்தின் (ரிஃப்ளெக்டர்) நடுவில் சின்னதாக ஒரே ஒரு எல்இடி இருக்க வேண்டும். கொத்தாக நாலைந்து இருந்தால் வேண்டாம். அப்புறம் பேட்டரி: 18650 என்ற ரீசார்ஜ் லித்தியம் செல்லில், அது தேக்கும் சார்ஜ் 9900 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தால் அது பொய்; நல்ல செல்லே ஏறத்தாழ 3500தான்.

வாட்ஸ் கூடினால் தூரமும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். வாட்ஸ் சொல்வது பேட்டரியை எவ்வளவு தின்னும் என்பதை மட்டும்தான்.