தனக்குத்தானே தண்டனை – கடிதம்

அன்புள்ள ஐயா,

வயது 61. ஓய்வுபெற்ற ஆசிரியர். இருபது வருடமாகச் சுகர். நடுவில் சில வருடம் மாத்திரையை விட்டுவிட்டு நாட்டு மருந்து என்று அலைந்தேன். இப்போது சிறுநீரகம் கெட்டுவிட்டது; அதைக் காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் 5-ஐத் தாண்டிவிட்டது. டயாலிசிஸுக்கு முன்னேற்பாடாகக் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கிற ஃபிஸ்டுலா ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லி மூன்று மாதமாகிறது. போகவில்லை. நானே வரவழைத்துக்கொண்டது, நானே அனுபவிக்கிறேன். மரணத்தை நிதானமாக ஏற்றுக்கொள்ள என்ன படிக்கலாம்? வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் சொல்லலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மகனிடம் இன்றைக்கே சொல்லுங்கள். என்ன படிப்பது என்பதை அப்புறம் பார்க்கலாம்.

‘நானே வரவழைத்துக்கொண்டது’ என்ற வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். கொஞ்ச நாளாக இதே நினைப்பாக இருக்கிறேன். காய்ச்சல்காரரைப் பார்க்க ஹார்லிக்ஸோடு போகிற நம் ஆட்கள், சுகர்காரரைப் பார்க்க மட்டும் விசாரணைக்குப் போகிறார்கள். “ஸ்வீட் ஜாஸ்தி சாப்பிடுவீங்களோ?” நோயாளியும் ஆமாம் சாமி என்று தலையைக் குனிந்துகொள்கிறார்.

என் பெரியம்மா கடைசிக் காலத்தில் டயாலிசிஸில் இருந்தார். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். படுக்கையில் ஏறுமுன் எடை பார்ப்பார்கள். நடுவில் குடித்த தண்ணீரெல்லாம் அதில் தெரிந்துவிடும். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. தாகத்துக்கு ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், “எல்லாம் அந்த மைசூர்பாகு பண்ண வேலை” என்றார். பெரியம்மா, “ஆமா, நெய் விட்டுக் கிளறினது. நல்லாத்தான் இருந்துச்சு” என்றார். வந்தவர் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பெரியம்மாவுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவர் படுத்திருக்கவில்லை.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது. இத்தனை பேரும் வாயைக் கட்டத் தெரியாதவர்களா? புணேயில் சர்க்கரை நோய் ஆய்வாளர் டாக்டர் யாஜ்னிக்கின் குழு பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. நம் குழந்தைகளுக்கு எடை நன்றாகக் குறைந்திருந்தது. குறைந்ததில் பெரும்பங்கு தசை. கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. சர்க்கரை நோய்க்கான வாகு கருவிலேயே தொடங்கிவிடுகிறது என்று இதை வைத்துச் சொல்கிறார்கள். அம்மா வயிற்றில் இருந்தபோது நீங்கள் என்ன மைசூர்பாகா சாப்பிட்டீர்கள்?

உங்கள் பங்கே இல்லை என்று தடவிக்கொடுக்க மாட்டேன். மாத்திரையை விட்டது தப்புதான். சரி, அது முடிந்துபோனது. இப்போது ஆபரேஷனுக்குப் போகாமல் இருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கு நாட்டு மருந்து சாக்கு, இன்றைக்குக் குற்றவுணர்வு சாக்கு. இத்தனை வருடம் பிள்ளைகளிடம் எத்தனை சாக்குகளைக் கேட்டிருப்பீர்கள், இது தெரியவில்லையா உங்களுக்கு?

ஃபிஸ்டுலா போட்ட மறுநாளே அதில் டயாலிசிஸ் ஊசி குத்த முடியாது. தமனியோடு இணைத்த சிரை தடித்து வர ஒன்றரை, இரண்டு மாதமாவது ஆகும். சிலருக்கு இன்னும் கூட. அதற்குள் ஒரு ராத்திரி மூச்சுத் திணறித் தூக்கிக்கொண்டு ஓடினால் கழுத்தில்தான் குழாய் போடுவார்கள். அதில் கிருமித் தொற்று ஆபத்து அதிகம். அந்த ராத்திரி உங்கள் மனைவி படப்போகிற பாட்டையும் உங்கள் தண்டனைக் கணக்கில் சேர்த்துவிட்டீர்களா?

டயாலிசிஸே வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. மருத்துவரோடு உட்கார்ந்து பேசி, உபாதைகளை மட்டும் குறைக்கிற சிகிச்சையோடு இருந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கௌரவமான முடிவுதான் அது. மரணத்தை ஏற்றுக்கொள்வது பற்றிக் கேட்டீர்களே, அந்தப் பேச்சை அங்கே வைத்துக்கொள்ளலாம். நீங்கள் எந்த முடிவும் எடுக்கவில்லை, மூன்று மாதமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வரும் வாரமே போய் டாக்டரைப் பாருங்கள்.

ஃபிஸ்டுலாவை வழக்கமாக எழுதாத கையில்தான் போடுவார்கள். எந்தக் கை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இனி அந்தக் கையில் ரத்தம் எடுக்கவோ சலைன் ஏற்றவோ விடாதீர்கள். லேபில் இருக்கிற பிள்ளைகள் அவசரத்தில் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் கையை இழுத்துக்கொள்ள வேண்டும்.