வாசகர் கேள்வி - பதில்: ரயில் பாதையோரம் கிட்டார் வாசித்த பையன்

கேள்வி: ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல் பாடல்களில் தங்களுக்கு மிகவும் பிடித்தது எது? ஏன்?
- வாசகர், திருச்சி

பதில்: ஒன்றை மட்டும் சொல்ல வேண்டுமென்றால், அமெரிக்கக் கறுப்பினப் பாடகரும் கிட்டார் கலைஞருமான சக் பெரி 1958-இல் வெளியிட்ட 'ஜானி பி. குட்' பாடலைச் சொல்வேன். லூசியானாவின் உட்பகுதியில் மரக்கட்டைகளால் கட்டிய குடிசையில் வாழும் ஒரு பையன். அவனுக்கு எழுதப் படிக்கச் சரியாக வராது. ஆனால் ரயில் பாதையோரம் மரத்தடியில் உட்கார்ந்து, ரயில் எழுப்பும் தாளத்துக்கு இசையக் கிட்டார் வாசிப்பான். ஒருநாள் உன் பெயர் விளக்குகளில் ஒளிரும் என்று தாய் அவனிடம் சொல்கிறாள். மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் ஒரு முழுச் சிறுகதையே நம் முன் நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. பாட்டின் வேகம் எவ்வளவு கூடினாலும் ஒரு சொல்கூடத் தேயாமல் தெளிவாகக் காதில் விழுகிறது. பாடகர் நாட் கிங் கோலின் உச்சரிப்பை விரும்பிக் கேட்டு வளர்ந்தவர் பெரி என்பது இங்கே புலப்படும்.

பெரி குடிசையில் வளர்ந்தவர் அல்லர். 1926-இல் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். அவர் பிறந்த தெருவின் பெயர்தான் 'குட்'. 'ஜானி' என்பது அவருடைய பியானோக் கலைஞர் ஜானி ஜான்சனை நினைத்து வைத்த பெயர். முதலில் 'கறுப்பினப் பையன்' என்று எழுதிய வரியை, வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்துவிடும் என்பதற்காகக் 'கிராமத்துப் பையன்' என்று அவரே மாற்றினார். இதை அறிந்த பிறகு அந்த வரி வரும் ஒவ்வொரு முறையும் என் மனம் கனக்கிறது. எல்லோரையும் துள்ளவைக்கும் தொடக்கக் கிட்டார் வாசிப்புக்கும் ஒரு மூலம் உண்டு: லூயிஸ் ஜார்டனின் 1946-ஆம் ஆண்டு இசைத்தட்டு ஒன்றில் கார்ல் ஹோகன் வாசித்தது ஏறக்குறைய அதே வாசிப்புதான். ஆனால் ஹோகனின் வாசிப்பு ஒரு வாசல் அலங்காரமாக நிற்க, பெரியின் கையில் அது பாட்டு முழுவதையும் இழுத்துச் செல்லும் எஞ்சினாகிவிட்டது. பூமியின் ஒலிகளையும் இசையையும் பதிந்து 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்கத் தட்டில் இந்தப் பாடலும் இடம்பெற்றது.

கேள்வி: உலகின் முதல் ராக் அண்ட் ரோல் பாடல் எது?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பலரும் 'ராக்கெட் 88' என்று சொல்வார்கள். 1951 மார்ச்சில் மெம்ஃபிஸ் நகரில் சாம் பிலிப்ஸின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஐக் டர்னரின் குழு வாசிக்க, ஜாக்கி பிரென்ஸ்டன் பாடிய பாடல் அது. வரும் வழியில் சேதமடைந்த ஆம்ப்ளிஃபயரின் ஒலிபெருக்கிக்குள் காகிதத்தைத் திணித்து வாசித்தபோது பிறந்த கரகரப்பு, பின்னாளில் கிட்டார் கலைஞர்கள் வேண்டுமென்றே தேடிப்போன ஒலியாயிற்று. ஆயினும் 1949 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸில் ஃபேட்ஸ் டாமினோ பதிவு செய்த 'தி ஃபேட் மேன்' பாடலைக் கேட்டவர்கள், அந்தப் பியானோவில் எல்லாம் ஏற்கெனவே இருப்பதை உணர்வார்கள். ஆகவே 'முதல்' என்ற பட்டத்தை ஒரு பாடலுக்குச் சூட்ட எனக்கு மனமில்லை.

கேள்வி: எல்விஸ் பிரெஸ்லி கறுப்பினக் கலைஞர்களின் இசையை எடுத்துக்கொண்டார் என்ற குற்றச்சாட்டு சரியா?
- வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: குற்றம் உண்மை, ஆனால் அதை எல்விஸ் ஒருவர் மீது மட்டும் சுமத்துவது முறையன்று. 1954 ஜூலையில் அவர் முதன்முதலாகப் பதிவு செய்து புகழ் பெற்ற 'தட்ஸ் ஆல் ரைட்', கறுப்பினப் பாடகர் ஆர்தர் க்ரூடப் 1946-இல் பாடியது. க்ரூடப்பிடம் தாம் கற்றதை எல்விஸ் வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் தம் பாடல்களுக்குரிய உரிமைத்தொகை முறையாகக் கைக்கு வராமலேயே க்ரூடப் 1974-இல் காலமானார். அதைப் பிடித்து வைத்தது இசைத்தட்டு வணிகம். லிட்டில் ரிச்சர்ட் 1955-இல் தொண்டை கிழியப் பாடிய 'டுட்டி ஃப்ரூட்டி'யை வெள்ளையினப் பாடகர் பாட் பூன் மென்மையாக்கிப் பாடியபோது, அந்த நகலே விற்பனைப் பட்டியலில் மூலத்தைவிட மேலே ஏறியது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர் யாரும் அதை நியாயம் என்று ஏற்க மாட்டார்.

'ஹவுண்ட் டாக்' பாடலையும் சொல்ல வேண்டும். 1953-இல் வெளிவந்த, கறுப்பினப் பாடகி பிக் மாமா தார்ன்டனின் இசைத்தட்டில், தன்னை ஒட்டி வாழும் உதவாக்கரை ஆணைக் கதவருகே நிறுத்தி வைத்து ஒரு பெண் திட்டுகிறாள். அங்கே நாய் என்பது வசைச்சொல். 1956-இல் எல்விஸ் பாடியது, லாஸ் வேகஸ் குழு ஒன்று மாற்றியமைத்த வரிகளை. அதில் நாய் வெறும் நாயாகிவிட்டது. எல்விஸின் வேகம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் கோபம் தார்ன்டனின் குரலில் மட்டுமே இருக்கிறது.

கேள்வி: இந்த இசையின் தொடக்கத்தில் பெண்களின் பங்கு குறைவுதானே?
- வாசகர், சேலம்

பதில்: குறைவில்லை, குறைவாகப் பேசப்பட்டது. ஆர்கன்சா மாநிலத்தில் 1915-இல் பிறந்த சிஸ்டர் ரொசெட்டா தார்ப், தேவாலயப் பாடல்களை எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசித்து 1940-களிலேயே இந்த ஒலியின் பெரும்பகுதியைக் கண்டடைந்துவிட்டார். 1964-இல் மான்செஸ்டரில், கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலைய நடைமேடையில் அவர் வாசித்த காட்சியைத் தேடிப் பாருங்கள். மேலங்கியோடு நின்று அத்தனை நிதானமாக, அத்தனை வலுவாக வாசிக்கிறார். இக்கலைஞர்களைப் பெருமைப்படுத்தும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவருடைய பெயரைச் சேர்த்தது 2018-இல், அவர் இறந்து 45 ஆண்டுகளுக்குப் பின்னர்.

கேள்வி: புதிதாகக் கேட்கத் தொடங்குபவருக்கு என்ன பரிந்துரைப்பீர்கள்?
- வாசகி, மதுரை

பதில்: ஃபேட்ஸ் டாமினோவின் 'ப்ளூபெரி ஹில்' (1956) மனத்தை இளக்கும், அங்கே தொடங்குங்கள். அடுத்து லிட்டில் ரிச்சர்டின் 'லூசில்', பிறகு பட்டி ஹாலியின் 'பெகி சூ' (1957). ஹாலி 1959 பிப்ரவரி 3 அன்று விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 22 மட்டுமே. ஒவ்வொரு பாடலையும் இரண்டு முறை கேளுங்கள். இரண்டாம் முறை குரலை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். 'பெகி சூ'வில் டிரம்ஸ் கலைஞர் ஜெர்ரி அலிசன் ஒரு கணமும் ஓயாமல் உருட்டிக்கொண்டே போவது அப்போதுதான் காதில் விழும்.