ஒன்றரைக்கும் ஐந்தரைக்கும் இடையில்

அன்புள்ள ஐயா,

வெள்ளவத்தையில் எட்டு மாடிகள் கொண்ட தொடர்மாடி ஒன்றில் குடியிருக்கிறேன். குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளரும் நானே. ஐந்தாம் மாடியில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் வாடகைக்கு இருக்கிறார்கள். கணவர் பிரிந்துபோய் இரண்டு வருடம் என்று கேள்வி. தாய்க்குக் கோட்டையில் அலுவலக வேலை. பொங்கல் விழாவில் அவரை மேடைக்கு அழைத்து உலர் உணவுப் பொதியும் பிள்ளைகளுக்குக் கொப்பிகளும் வழங்கினோம். நல்ல மனதோடுதான் செய்தோம். அன்றிலிருந்து எங்களைக் கண்டால் அவர் லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறிப் போகிறார். பொதி மறுநாள் காவலாளியின் மேசையில் இருந்தது. நாங்கள் செய்த பிழை என்ன? தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அயலவர்கள் எப்படித்தான் உதவுவது?

க., வெள்ளவத்தை

அன்புள்ள க. அவர்களுக்கு,

அரிசியும் பருப்பும் ஒரு குற்றமும் செய்யவில்லை. மேடைதான் செய்தது. வெள்ளவத்தையில் வாடகை கட்டிக் குடியிருக்கும் ஒருவர் வீட்டில் அரிசி இல்லை என்று எந்தக் கூட்டத்தில் முடிவெடுத்தீர்கள்? ‘கணவர் இல்லாதவர்’ என்பதை ஒலிவாங்கி வைத்து எட்டு மாடிக்கும் அறிவித்திருக்கிறீர்கள். பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்திருப்பார்கள். நானாக இருந்தாலும் படியால்தான் ஏறியிருப்பேன்.

அவரிடம் உண்மையில் குறைவாக இருப்பது நேரம். பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது. அலுவலகம் ஐந்து மணிக்கு. கோட்டையிலிருந்து காலி வீதி பஸ்ஸில் தொங்கிக்கொண்டோ, கரையோர ரயிலில் நெரிபட்டோ வீடு சேர ஐந்தரை, மழை என்றால் ஆறரை. அந்த நான்கு மணித்தியாலமும் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், யார் சோறு போடுகிறார்கள் என்று உங்கள் சங்கத்தில் யாருக்காவது தெரியுமா? கணவர் போன கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. விடுப்பு அறிவதில் நம் அயலட்டையை மிஞ்ச ஆளில்லை.

இதை நான் கொஞ்சம் சூடாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நானும் அப்படி வளர்ந்த பிள்ளைதான். கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள் இருந்தோம். நான் நான்காம் வகுப்புப் படிக்கும்போது அப்பா வீட்டைவிட்டுப் போனார். அம்மா புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதினார். பக்கத்து வீட்டில் தையல் மாமி இருந்தார். அம்மாவிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: “எனக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை. பள்ளி விட்டதும் பெடியனை அனுப்பு. தனியாகச் சாப்பிட்டால் சோறும் இறங்குதில்லை.”

ஐந்து வருடம் அவர் வீட்டில் பகல் சோறு சாப்பிட்டேன், நூல் கோத்தேன், பொத்தான்களை நிறம் பார்த்துப் பிரித்தேன். அந்த வீட்டுக்கு நான் இல்லாவிட்டால் தையல் நின்றுவிடும் என்று உண்மையாகவே நம்பினேன். முப்பது வயதுக்குப் பிறகு ஒருநாள்தான் உறைத்தது: பின்னேரங்களில் மாமி வீரகேசரியின் மரண அறிவித்தல்களைக் கண்ணாடி இல்லாமல் வாசித்துக்கொண்டிருப்பார்.

ஆகவே ஐந்தாம் மாடிக்குப் போய் ‘ஏதாவது உதவி வேண்டுமா’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு மானமுள்ள எவரும் ‘ஒன்றும் வேண்டாம்’ என்றுதான் சொல்வார். ‘என் மகனுக்குக் கணக்கு ஏறவில்லை, உங்கள் பிள்ளைகளும் பின்னேரம் வந்தால் சேர்ந்திருந்து படிப்பார்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் தயங்கினால், பல கேள்விகள் கேட்டால், கோபிக்க வேண்டாம். வீட்டில் யார் யார் இருப்பார்கள், கதவு திறந்திருக்குமா என்று அறிய அவருக்கு உரிமை இருக்கிறது. அழைத்துவிட்டு இரண்டு கிழமையில் நிறுத்துவதானால் தொடங்கவே வேண்டாம். வருடத்துக்கொரு பொதியைவிட ஒவ்வொரு செவ்வாயும் தவறாத ஒரு செவ்வாய்க்கிழமை பெரிது.

உங்கள் சங்கத்தில் வீட்டுச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அவர்களிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. பாடசாலையில் தரம் 1 அனுமதிக்கு வதிவிடத்தை நிரூபிக்கக் கேட்கும் ஆவணங்களில் முக்கியமானது வாக்காளர் இடாப்பு. கடந்த வருடங்களின் பதிவுகளுக்குப் புள்ளி உண்டு. ஆனால் கொழும்பில் பல வீட்டுக்காரர்கள் வாடகைக்கு இருப்பவரின் பெயரை அந்த முகவரியில் பதிய விடுவதில்லை, பிறகு எழும்ப மாட்டார்கள் என்ற பயம். மணமுறிவுக்குப் பிறகு வீடு வீடாக மாறும் ஒரு தாயின் பிள்ளை இதனாலேயே அருகிலுள்ள பாடசாலையை இழக்கிறது. கிராம உத்தியோகத்தரின் படிவத்தில் ஒரு பெயரை எழுத விடுவதற்கு மேடையும் தேவையில்லை, ஒரு சதச் செலவும் இல்லை. வீடு தேடி வரும் பெண்ணிடம் ‘கணவர் எங்கே’ என்று கேட்டுவிட்டு வாடகையைப் பற்றிப் பேசும் வழக்கத்தையும் அப்படியே விட்டுவிடலாம்.

பணம் பற்றியும் சொல்கிறேன். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி, வசதியிருந்தும் பிள்ளையைக் கவனிக்காத பெற்றோரிடம் மாதாந்தத் தொகை கோரி நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். விவாகரத்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் இது பொருந்தும். கட்டாவிட்டால் சம்பளத்தில் கழிக்க உத்தரவிடவும் முடியும். சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்களுக்குப் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அவர் வழக்குப் போட்டாரா என்று நீங்கள் விசாரிக்க வேண்டாம். அவராகச் சொன்னால், தவணை நாளில் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து கூட்டிவர ஒருவரும், நீதிமன்ற வாங்கில் அவருக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்க ஒருவரும் போதும்.

தனியாக வளர்ப்பவர் என்றால் தாய் என்றே நினைக்கிறோம். நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு குடும்பத்துக்குப் பெண்ணே தலைவி என்பதால் அது இயல்புதான். ஆனால் மட்டக்குளியில் எனக்குத் தெரிந்த ஒரு முச்சக்கரவண்டிக்காரரின் மனைவி குவைத்தில். (2013 முதல் தாய்மார் வெளிநாட்டு வீட்டுப் பணிக்குப் போவதற்கு, பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று காட்டும் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள், 2022 இல் தளர்த்தினார்கள். தகப்பன்மாரிடம் அப்படியொரு அறிக்கை யாரும் கேட்டதில்லை.) மகள் பெரியபிள்ளையான அன்று அந்த மனிதர் மருந்துக்கடை வாசலில் என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றார். மனைவி இல்லாத வீடு என்று அதுவரை எந்தப் பெண்ணும் படலை திறந்ததில்லை. எதிர்வீட்டு முஸ்லிம் அம்மா ஒருவர்தான் அன்று உள்ளே போய்ப் பிள்ளையோடு இருந்தார்.

சடங்கு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. போன வருடம் ஒரு சாமத்திய வீட்டில், பிள்ளையின் தாய் விதவை என்பதால் அவரைப் பின்வரிசைக்கு நகர்த்திவிட்டு, அந்தப் பிள்ளைக்கு ஒரு வேளை சோறு போட்டறியாத சுமங்கலிகள் வரிசையாக ஆலாத்தி எடுத்தார்கள். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். வந்ததைவிட அங்கேயே வாய் திறந்திருக்கலாம் என்று இப்போது படுகிறது. உங்கள் மண்டபத்தில் அடுத்த தடவை விளக்கேற்ற ஆள் தேடும்போது ஐந்தாம் மாடியையும் நினைத்துக்கொள்ளுங்கள், மற்ற எவரையும் அழைப்பதுபோல, அடைமொழி இல்லாமல்.

அதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. பொங்கல் படங்கள் சங்கத்தின் முகநூலில் இருந்தால் முதலில் அவற்றை எடுத்துவிடுங்கள். அவரைப் பார்க்கப் போகும்போது தலைவரையும் பொருளாளரையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தனியாகப் போங்கள், படியால் ஏறி.