வளரும் நாடான இந்தியாவில் கரி உமிழ்வு குறைந்த எஃகு சாத்தியமா? ஸ்வீடனைப் போல நாமும் ஏன் ஹைட்ரஜனுக்கு மாறவில்லை?

சாத்தியம்தான். ஆனால் ஸ்வீடன் தொடங்கிய இடத்திலிருந்து நாமும் தொடங்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. 2021-இல் நிலக்கரிக்குப் பதிலாக ஹைட்ரஜனைக் கொண்டு தாதுவிலிருந்து எடுத்த இரும்பிலிருந்து எஃகு செய்து வோல்வோ நிறுவனத்துக்கு அவர்கள் வழங்கிய செய்தியைப் படித்துவிட்டுத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது பாராட்டத்தக்க சாதனை. எனினும் ஹைட்ரஜனைத் தயாரிக்க ஏராளமான மின்சாரம் வேண்டும்; அந்நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின் நிலையங்களிலிருந்தும் அணுமின் நிலையங்களிலிருந்தும் வருகிறது. நம் நிலை வேறு.

தாதுவை உருக்காமலேயே அதிலுள்ள ஆக்சிஜனை நீக்கிப் பெறும் இரும்பை ஸ்பாஞ்ச் அயர்ன் என்போம். உலகிலேயே அதிகமாக அதைத் தயாரிக்கும் நாடு இந்தியா. ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் வரும் அந்த உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நிலக்கரியை நம்பியே நடக்கிறது. பெல்லாரிப் பகுதியில் அப்படிப்பட்ட ஓர் ஆலையில் ஷிப்ட் பொறுப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். சற்றே சாய்வாகப் படுத்து மெதுவாகச் சுழலும் நீண்ட உருளைச் சூளையில் இரும்புத் தாது, நிலக்கரி, டோலமைட் என்ற சுண்ணாம்பு வகைக் கல் மூன்றையும் இட்டு, சுமார் 1,000 பாகை வெப்பத்தில் தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பிரித்தெடுப்பதே அங்கு நடக்கும் வேலை. ஒரு டன் ஸ்பாஞ்சுக்கு ஒரு டன்னுக்கும் கூடுதலாக நிலக்கரி செலவாகும். இந்தச் சூளையில் நிலக்கரிக்குப் பதிலாக ஹைட்ரஜனைச் செலுத்திவிட முடியாது. அதற்குச் செங்குத்தான வேறு வகை உலையும், தரம் உயர்ந்த தாது உருண்டைகளும் வேண்டும். ஆகவே "மாறுவது" என்றால், இருக்கும் ஆலையை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டுவது என்று பொருள்.

எங்கள் சூளையிலிருந்து வெளியேறும் புகை ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் இருக்கும். அதைத் தண்ணீர் தெளித்துக் குளிர்வித்து, தூசியைப் பிடித்துவிட்டு, புகைபோக்கி வழியே விட்டுவிடுவோம். நாளொன்றுக்கு 100 டன் எடுக்கும் சூளை ஒன்றின் கழிவு வெப்பத்தில் கொதிகலன் வைத்தால் சுமார் 2 மெகாவாட் மின்சாரம் கிடைக்கும். எங்களிடம் அத்தகைய சூளைகள் இரண்டு இருந்தன. வறண்ட அந்த ஊரில் லாரியில் தண்ணீர் வாங்கி, அந்த வெப்பத்தை அணைத்துக்கொண்டிருந்தோம் என்பது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

கொதிகலனும் டர்பைனும் அமைக்க உரிமையாளர் முன்வந்தார். மதிப்பீட்டைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன். கடன் கேட்டுப் போன வங்கி, மூன்றாவது சூளை கட்டுவதாக இருந்தால் கடன் தரலாம், கொதிகலனுக்குத் தருவதற்கில்லை என்று சொல்லிவிட்டது. கூடுதல் டன் என்றால் வருமானம், மிச்சமாகும் மின்சாரம் என்றால் வெறும் கணக்கு என்பதே அவர்கள் பார்வை. சிறு ஆலைக்காரர்களுக்குச் சுற்றுச்சூழல் மீது அக்கறையில்லை என்று கருத்தரங்குகளில் பேசுவோரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதற்கு இதுவே காரணம்.

நான் நிலக்கரிக்கு வக்காலத்து வாங்குவதாகச் சிலர் இங்கே சொல்லக்கூடும். அப்படியல்ல. ஒரு டன் எஃகுக்கு உலக சராசரி 2 டன்னுக்குச் சற்றுக் குறைவான கரியமில வாயு என்றால், நம் நாட்டுச் சராசரி சுமார் 2.5 டன், இது பெருமைப்படத்தக்கதன்று. ஆனால் ஒரு டன் இரும்பை ஹைட்ரஜனால் எடுக்க 50 கிலோவுக்கு மேல் ஹைட்ரஜன் தேவை. ஒரு கிலோ ஹைட்ரஜன் தயாரிக்க 50 யூனிட் மின்சாரம் என்று வைத்துக்கொண்டாலும், அதற்கு மட்டும் 2,500 யூனிட்டைத் தாண்டுகிறது. அந்த மின்சாரம் அனல்மின் நிலையத்திலிருந்து வருமானால், புகை இடம் மாறியிருக்குமே தவிர மறைந்திருக்காது. பெரிய நிறுவனங்கள் இப்போதே சோதித்துப் பார்க்கட்டும். 2023-இல் ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல், பெரிய ஆலைகளில் இரும்பு எடுக்கும் ஊதுலைக்குள் ஹைட்ரஜனைச் செலுத்திப் பார்த்தது நல்ல முயற்சியே. சிறு ஆலைகளை அந்த நாள் வரும்வரை காத்திருக்கச் சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

தற்போது கும்மிடிப்பூண்டியில் இண்டக்‌ஷன் உலை (மின்சாரத்தால் இரும்பை உருக்கும் உலை) வைத்திருக்கும் ஓர் ஆலையில் இருக்கிறேன். இங்கே உமிழ்வைத் தீர்மானிப்பவை இரண்டு: உலையில் எவ்வளவு ஸ்பாஞ்ச், எவ்வளவு பழைய இரும்பு (ஸ்கிராப்) போடுகிறோம் என்பதும், மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதும். நல்ல ஸ்கிராப் கிடைத்தால் ஸ்பாஞ்சைக் குறைக்கலாம். மின்சாரச் செலவும் கசடும் சேர்ந்தே குறையும். காற்றாலைக் காலத்தில் தென்மாவட்டங்களிலிருந்து மின்சாரம் பெற்றால் கணக்கு இன்னும் இறங்கும். தட்டுப்பாடு ஸ்கிராப்புக்குத்தான். நம் நாட்டில் எஃகின் ஆண்டுப் பயன்பாடு தலைக்குச் சுமார் 100 கிலோ. உலக சராசரி அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். இனிமேல்தான் கட்டப்போகும் நாட்டில் இடித்து எடுக்க எவ்வளவு இருக்கும்?

2024 டிசம்பரில் எஃகு அமைச்சகம் பசுமை எஃகுக்கு வரையறை வெளியிட்டது. ஒரு டன்னுக்கு 2.2 டன் உமிழ்வுக்குக் கீழே இருந்தால் மூன்று நட்சத்திரம், 1.6-க்கும் கீழே வந்தால் ஐந்து. நிலக்கரிச் சூளையை நம்பியிருக்கும் எஃகு அதற்குள் வருவது கடினம். ஸ்கிராப்பை அதிகம் உருக்கும் எங்களைப் போன்றோர் வரலாம். சான்றிதழுக்காகப் பில், எடைச்சீட்டு, மின்கட்டண ரசீது எல்லாவற்றையும் மாதவாரியாகத் தொகுக்கும் வேலையை இந்த ஆண்டு தொடங்கியிருக்கிறோம். அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களில் நட்சத்திரம் பெற்ற கம்பிக்கு முன்னுரிமை தரப்பட்டால், அதைக் காட்டி வங்கியிடம் கொதிகலனுக்கும் கடன் கேட்கலாம் என்று பெல்லாரியில் உள்ள பழைய நண்பர்களிடம் சொல்லி வருகிறேன்.